நின்றுபோன மலேரியாப் பத்திரிகை

வைத்திய ஆராய்ச்சிப் பத்திரிகையொன்று நின்றுபோவதென்றால் நம்மவரிற் பலருக்கு அது ஒரு செய்தியாகவே படுவதில்லை. சினிமாப் பத்திரிகை இரண்டு நாள் தாமதித்தால் கடைக்காரனோடு வழக்காடப் போகிறவர்களும் இதற்கு ஒரு பெருமூச்சு விடமாட்டார்கள். ஆனால் அதன் ஆசிரியர்கள் கடைசி இதழை அச்சுக்கு அனுப்பும்போது என்ன எண்ணியிருப்பார்களென்பது நம் மனத்தை விட்டு அகலாத கேள்வியாயிருக்கிறது.

இந்தியாவில் மலேரியா ஆராய்ச்சிக்கென்றே 1929-ல் தொடங்கிய வெளியீடு, 1938-ல் பெயர் மாறி, 1947 முதல் 'இந்தியன் ஜர்னல் ஆப் மலேரியாலஜி' என்று வந்துகொண்டிருந்தது. 1963-ல் 17-ஆம் தொகுதியோடு நின்றது. 1947-ல் ஆண்டுக்குச் சுமார் 7½ கோடிப் பேரைப் பிடித்து 8 லட்சம் பேரைக் கொன்ற காய்ச்சல், டி.டி.டி. மருந்தடித்ததன் பயனாக 1965-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரளவுக்குச் சுருங்கிவிட்டது. பகைவன் மடிந்தான், இனிப் படை எதற்கு என்ற களிப்பு நிலவிய காலம் அது. கொசுவோ அந்தக் களிப்பில் பங்குகொள்ளவில்லை. 1976-ல் நோயாளிகள் 64 லட்சத்துக்கு மேல்! 1981-ல் அதே பெயரோடு 18-ஆம் தொகுதி வெளிவந்தது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையே பதினெட்டாண்டு! 2003-ல் பெயரை மாற்றிக்கொண்டு இன்றளவும் அது நடைபெறுகிறது.

நிற்க. சிலாங்கூர்த் தோட்டக்காட்டில் கணக்கெழுதும் கிராணிகளாகிய நமக்கு இதிலென்ன என்று கேட்கலாம். 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் கரையோரச் சதுப்பை வடித்துக் காட்டை அழிக்கச் செய்து காய்ச்சலை அடக்கினார். அதே வைத்தியம் மலையடிவாரத்தில் விபரீதமாயிற்று. காடழிந்து ஓடைகளில் வெயில் விழவும், வெயிலை விரும்பும் வேறொரு கொசு பல்கிற்று. ரவாங், சுங்கை சோப் பக்கத்து நிலமும் அத்தகைய மலையடிவாரமே. ஓடை நீரைப் பூமிக்கடியில் குழாயில் விடவும், விட முடியாத இடத்தில் எண்ணெய் தெளிக்கவும் கற்ற பின்பே அத்தகைய நிலத்துத் தோட்டங்களில் மரணம் குறைந்தது. மாரியாத்தாளுக்கு வெட்டிய கிடாய்களால் குறைந்ததன்று.

இதையெல்லாம் அவர் அறிந்தது எப்படி? லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணினார். நம் செக்ரோலிலாவது ஆளுக்கொரு பெயருண்டு. ஆராய்ச்சி வியாசத்திலோ அப்பிள்ளைகள் வெறும் சதவீதம். விடைபெறும் ஆசிரியர்கள் எழுத்தாளர்க்கும் சந்தாதாரர்க்கும் அச்சுக்கூடத்தார்க்கும் வந்தனம் கூறுவது வழக்கம். ஊசிக்கு விரல் நீட்டிய கூலிப் பிள்ளைக்கு ஒரு வரி ஒதுக்கினால் குறைந்தா போகும்? அவன் சந்தா கட்டவில்லை, உண்மை, இரத்தமல்லவோ கொடுத்தான்!

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை என்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆயினும் குரங்கிலிருந்து கொசுவழி மனிதனுக்கு வரும் மலேரியா இருக்கிறது. அது மனிதனிடம் இயற்கையாகத் தொற்றியது முதன்முதல் தெரியவந்ததும் 1965-ல், பகாங் காட்டில்தான். இந்தியாவில் படை கலைந்த அதே காலம்! பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் காட்டோரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் விரலிலும் ஊசி குத்தப்படுகிறது.