அறையும் ஒரு ஸ்பீக்கர்தான்

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விசாரிப்பது வாட்ஸ் எத்தனை என்றுதான். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான வித்தியாசம். வீட்டுக்கு வந்தபின் எழும் புகார்கள் வேறு: வசனம் புரியவில்லை, பேஸ் எல்லாம் ஒரே திம்மென்று கேட்கிறது. ஸ்பீக்கரிலிருந்து நேரே காதுக்கு வருவது ஒலியின் ஒரு பகுதிதான். மிச்சம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருகிறது. பெட்டி மட்டமாக இருந்தால் எந்த அறையும் அதைத் தேற்றாது, உண்மை. ஆனால் ஓரளவு நல்ல பெட்டி வாங்கிவிட்டவர் இன்னும் விலையுயர்ந்த பெட்டியைத் தேடிப் போகும் முன், அறையைச் சரிசெய்ய வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இதற்கான ஆதாரம் மிகப் பழையது. 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேலானது. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பல்கலைக்கழகத்தின் இன்னோர் அரங்கான சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி முழுதும் மறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. அறையின் கொள்ளளவும், உள்ளே இருப்பவை ஒலியை உறிஞ்சும் அளவும் தெரிந்தால் போதும், முழக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் அந்தக் கணக்கை நம்பிக் கட்டப்பட்டது.

நம் ஊர் ஹாலைப் பாருங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. சபைன் மெத்தை போடுவதற்கு முந்தைய அரங்கின் சிறு வடிவம் இது. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் தானே அதிர்ந்து பேஸில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் சுவர் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பும். அதனால் 12 அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸும், 10 அடியில் சுமார் 56 ஹெர்ட்ஸும் தங்கி முழங்குகின்றன. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் அந்த 56 இன்னும் பலமாகக் குமுறும். மெல்லிய ஃபோம் ஒட்டினால் போதாதா என்பார்கள். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதற்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டு, குமுறலை அப்படியே விட்டுவைக்கும்.

பேஸுக்கு மருந்து, வைக்கும் இடம். சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் மிகுந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகச் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம். வசனத்துக்குப் பாடு அவ்வளவு இல்லை: டிவி யூனிட் தட்டுக்குள் ஆழமாகச் செருகிய சென்டர் ஸ்பீக்கரை விளிம்புவரை இழுத்து, காதை நோக்கிச் சற்றே சாய்த்தால், பலகையில் மோதிக் கலங்குவது குறைந்துவிடும். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக, சோபாவிலிருந்து பார்ப்பவருக்கு ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் கனத்த திரையோ புத்தக அலமாரியோ வைக்கலாம்.

இந்தக் காலத்து ரிசீவர்களில் மைக் வைத்து அளந்து தானே திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்பது வலுவான மறுப்பு. வசதி நல்லதுதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஓரிடத்தில் மிகுந்து கேட்பதை அது குறைத்துவிடும். நேரொலியும் திரும்பிவந்த ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் இரண்டும் சேர்ந்தே வளர்ந்து மறுபடி அழியும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் காணாமல் போவது இப்படித்தான். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம், அதாவது 4 அடி முன்னே உட்காருவது நல்லது. ஹாலில் நடக்க வழி வேண்டும், சோபாவை நகர்த்தவே முடியாது என்கிற வீட்டில் அது சுவரோரமாகவே இருக்கட்டும். அங்கே பேஸ் மிகுந்துதான் கேட்கும்; மிகுந்ததை ரிசீவர் குறைத்துக்கொள்ளும்.