கடற்பசு கற்பித்த கணக்கு

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, விடுதியில் என்னோடு உண்டு உறங்கிய தோழர்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களுக்குள் எண்ணிக்கை முடிந்துவிட்டது. நாமும் அருகிவரும் இனமாயினோம் என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன். அந்நகையினூடே, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் எமது விலங்கியல் ஆசிரியர் என்னிடம் தொடுத்த வினாவொன்று நினைவில் எழுந்தது. அன்று யான் விடை பகர்ந்தேனல்லேன். இன்று பகர முற்படுகிறேன்.

எந்தையார் ஆசிரியத் தொழிலின் நிமித்தம் சில ஆண்டுகள் நுரைச்சோலையில் வாழ்ந்தார். கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ அமைந்த மணற்பாங்கான ஊர் அது. 2011ஆம் ஆண்டில் மின் வழங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தினால் இன்று அதன் பெயரை நாடே அறியும். அன்றோ, தென்னந் தோப்புகளும், கிணற்றுநீர் இறைத்து வளர்த்த மிளகாய், வெங்காயத் தோட்டங்களும், வலை உலரும் கரையுமே அதன் செல்வம்.

விடுமுறைக்குச் சென்றிருந்த ஒருநாள், களப்புக்கரையில் வாழ்ந்த மீனவத் தோழன் ஒருவனின் இல்லத்தில் கடற்பசுவின் இறைச்சியை உண்டேன். வலையில் அகப்பட்டது ஒன்றே. தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் பங்கு போயிற்று. சைவ வீட்டுப் பிள்ளையாகிய யான் ‘பசு’ என்னும் பெயர் கேட்டுத் தயங்கினேன். தோழனின் தாயார், “அது பசு இல்லைத் தம்பி, கடற்பன்றி. சாப்பிடுங்க” என்றார். பெயர் மாறியதும் தயக்கமும் தீர்ந்தது. உண்மையில் அது பசுவுமன்று, பன்றியுமன்று. இன்று வாழும் விலங்குகளுள் யானைக்கு நெருங்கிய உறவு. இதனை அன்று எவரேனும் சொல்லியிருப்பின், நாள்தோறும் பிள்ளையாரைத் தொழுத என் கை அச்சோற்றைத் தொட்டிருக்குமோ, அறியேன்.

கல்லூரிக்கு மீண்டதும் வகுப்பில் அரிய விலங்குகளைப்பற்றிப் பேச்சு வந்தது. பெருமிதத்துடன் எழுந்து, யான் கடற்பசுவை உண்டவன் என்றேன். ஆசிரியர் சினந்தாரல்லர். “உண்டாய், நன்று. அது எத்தனை ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும்?” என்று மட்டும் வினவினார். வகுப்புச் சிரித்தது. யான் அமர்ந்தேன்.

அரியது என்றால் எண்ணிக்கையிற் சிறியது என்றே அன்று கருதியிருந்தேன். ஓர் உயிர் அரிதாவதற்கு வழிகள் பல என்பதைப் பின்னரே கற்றேன். டெபோரா ரபினோவிட்ஸ் என்னும் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் 1981இல் இதற்கு மூன்று வினாக்களை வகுத்தார். அவ்வுயிர் வாழும் நிலப்பரப்பு பெரிதா, சிறிதா? பலவகைச் சூழலிலும் வாழுமா, ஒன்றிலே மட்டுமா? வாழும் இடத்திற் பலவாக உளதா, சிலவாகவா? இவற்றுள் ஒன்றிற் குறைந்தாலும் அஃது ஒருவகையில் அரியதே.

கடற்பசுவின் பரப்போ பெரிது. ஆபிரிக்காவின் கீழைக் கரை முதல் பசுபிக்கின் வனுவாத்துத் தீவுகள் வரை அதன் எல்லை விரியும். அவுஸ்திரேலியாவின் வடகடலில் இன்றும் பல்லாயிரம் உள்ளன. ஆயினும், ஆழமில்லாக் கடலில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. புல்வெளி அழியுமிடத்து அதற்கு வேறு மேய்ச்சல் இல்லை. சேறு கலங்கி நீரில் ஒளி குன்றினும் புல் மடியும்.

ஆசிரியர் கேட்ட கணக்கு இதனினும் கடியது. பெண் கடற்பசு முதற் கன்றை ஈனவே ஆறு முதல் பதினேழு ஆண்டுகள் செல்லும். சூல் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும். ஒரு பேற்றில் ஒரே கன்று. அடுத்த பேற்றுக்குப் பொதுவாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள். எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்காயினும், எத்துணை நல்ல சூழலிலும் அதன் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேற் பெருகுதல் அரிது என்பது ஆய்வாளர் கணிப்பு. நூறு கடற்பசுக்கள் உள்ள நீரில் மனிதர் ஆண்டுக்கு ஆறினைக் கொன்றால், மிகச் சிறந்த ஆண்டிலும் வரவு ஐந்து, செலவு ஆறு. அக்குடும்பம் நொடிப்பது உறுதி; காலம் ஒன்றே கேள்வி.

அந்த ஆறினையும் ஒரே ஊர் கொல்வதில்லை என்பதே இதிலுள்ள சோகம். எங்கள் தெரு உண்டது ஒன்று. அடுத்த ஊரார் உண்டதும் ஒன்றாகவே இருந்திருக்கும். பருத்தி வலை போய் நைலோன் வலை வந்தபின், வேண்டாமலே அகப்படுவதும் பெருகியது. மூச்செடுக்க நீர்மேல் வரவேண்டிய விலங்கு, வலையிற் சிக்கினால் மூழ்கி இறக்கும். தாம் எடுத்த ஒன்று கடலுக்கு என்ன செய்துவிடும் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். யானும் எண்ணினேன்.

இது வெறும் அச்சமன்று. வடபசுபிக்கில் வாழ்ந்த ஸ்டெல்லரின் கடற்பசுவை 1741இல் அறிவுலகம் முதன்முதற் கண்டது. அவ்வழிச் சென்ற மென்மயிர் வேட்டைக்காரர் அதனை உணவாக்கினர். 1768க்குள், இருபத்தேழே ஆண்டுகளில், அவ்வினம் முற்றாக அழிந்தது.

நமது நாட்டில் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்று கடற்பசுவைக் காக்கின்றது. எதிர்க்கரையில், பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாட்டரசு 2022இல் அறிவித்தது. ஆயின், சட்டம் கொலையைத் தடுக்கலாமேயன்றிப் பிறப்பை விரைவுபடுத்தாது.

சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் அக்களப்புக்கரை சென்றேன். தோழன் இல்லை. அவன் பேரன் தோணியருகே நின்றான். கடற்பசுவைக் கண்டதுண்டா என்று கேட்டேன். “இல்லை ஐயா. நீங்க கண்டிருக்கிறீங்களா?” என்றான். உயிரோடு யானும் கண்டதில்லை. உண்டது மட்டுமே உண்டு. அதை அவனிடம் சொல்ல நா எழவில்லை.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்களே, மிகுதியாக உள்ளதென்று நீங்கள் கருதும் எதனையும் எடுக்குமுன், அது எத்தனை ஆண்டுக்கு ஒன்று பிறக்கும் என்று கேளுங்கள். எம் ஆசிரியர் எனக்களித்த வினாவை உங்களிடம் ஒப்படைத்தேன். கல்லூரித் தாய் நீடு வாழ்க!