வீடும் விடுதியும்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தோன்றியபோது, அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் வேண்டியது மாணவர் உடனுறைந்து கற்கும் கழகத்தையே. விரிவுரை முடிந்தபின் உணவு மேசையில் தொடரும் வாதமும் கல்வியின் பகுதியே என்பது அத்தகைய கழகங்களின் அடிப்படை. 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. ஆங்கெழுந்த மண்டபங்களுள் இரண்டு இராமநாதன், அருணாசலம் என்னும் உடன்பிறந்தாரின் பெயர்களைத் தாங்கின. மருத்துவமும் விஞ்ஞானமும் கொழும்பிலேயே நின்றன. நகரத்து மாணவனுக்கு வீடு இருக்கிறது, விடுதி எதற்கு என்ற எண்ணமும் அவற்றோடு நின்றுவிட்டது போலும்.

அந்த வீட்டைச் சற்று நோக்குதல் வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையிலும் சிறு கூடத்திலும் அறுவர் வாழும் வீடுகள் பல. புறக்கோட்டைக் கடையிலிருந்து தந்தை திரும்பி உண்டெழுந்து, தம்பி தங்கையர் உறங்கிய பின்னரே மாணவனுக்கு மேசை கிடைக்கும். வாடகை கொடாதவன் ஆதலால் அவனைப் பேறு பெற்றவன் என்பர்.

வெள்ளவத்தையின் நிலை வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் அறையெடுத்திருக்கும் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு மாணவர் ஏற்கெனவே வீட்டைவிட்டு வந்தவர்கள். உறவினர் வீட்டில் தங்குபவனை எப்பக்கம் சேர்ப்பது? காலையில் பாண் வாங்கிவந்து, மாலையில் மாமாவின் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து, விருந்தினனுக்குரிய அடக்கத்தோடு ஆண்டுகளைக் கழிக்கிறான். பசிக்கிறது என்று சொல்லும் உரிமையும் அவனுக்கில்லை. பிந்தி வரும் உரிமையும் இல்லை.

பிள்ளையைத் தனியறைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பழைமைவாதிகள் என்று தள்ளிவிடுதல் எளிது. 1983 ஜூலையில் இந்நகரில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, வீட்டிலிருந்தவனும் அறையிலிருந்தவனும் ஒரே அகதி முகாமில் வரிசையில் நின்றனர். 2007 ஜூன் 7ஆம் நாளிலோ, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் தங்குவிடுதிகளிலிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தனர் என்பதே அதிகாரிகள் கூறிய நியாயம். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. இதை அறிந்த தாயொருத்தி "பெரியம்மா வீட்டிலேயே இரு பிள்ளை" என்று சொல்வதில் பாசம் மட்டுமன்று, கணக்கும் உண்டு.

ஆயினும் வெளியேறுதலே மேல். வெளியேறிச் சேருமிடம் மட்டும் முகமறியாதவர் வீட்டுப் பின்னறையாக இல்லாது கழகத்தின் விடுதியாக இருத்தல் வேண்டும். விடுதியிடம் தூரத்தை அளந்து வழங்கப்படும்போது நகரத்து முகவரியுடையோர் வரிசையின் கடைசியிலேயே நிற்பர். எத்தனை மைல் என்று கேட்பதோடு, இரவில் எத்தனை மணிக்கு மேசை கிடைக்கும் என்றும் கேட்டாலென்ன?

இந்த ஏற்பாட்டில் அதிகம் இழப்பவள் பெண். இருள்முன் வீடு சேரவேண்டும் என்பது அவளுக்கு விதிக்கப்பட்டது. தமிழ்ச் சங்கத்து நாடக ஒத்திகை சூடுபிடிக்கும் வேளையில் அவள் பஸ்ஸுக்காக எழுந்துவிடுகிறாள். அவளுடைய வசனத்தை வேறொருத்தி பார்த்து வாசிக்க, ஒத்திகை தொடர்கிறது.