கணவாய்க்கு அப்பால் லீவு!

நவம்பர் 1 வந்துவிட்டால் எங்கள் ராதாபுரத்துப் பிள்ளைகளுக்கு மூஞ்சி தூக்கிக்கொள்ளும். "நாகர்கோவில் சித்தி வீட்டுல எல்லாருக்கும் லீவாம். எங்களுக்கு மட்டும் ஏம்மா பள்ளிக்கூடம்?"

வாயால் விளக்குவதைவிட ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிப் போவது மேல். வடக்கன்குளம், காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வந்தால் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு காற்று! அதற்கு அப்பால் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். காசுகூட வேறு, 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்.

எங்கள் ஆச்சி பிறந்தது ராதாபுரம், வாழ்க்கைப்பட்டது பூதப்பாண்டி. "பெறந்த வீட்டுச் சீர் மூட்டையக்கூடச் சாவடியில அவுத்துக் காட்டணும்ட்டி. வெக்கமா இருக்கும்" என்பாள்.

ராஜ்யம் போய், 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. எல்லை மட்டும் அப்படியே நின்றது. தாத்தா காலமான பிறகு வயல் சம்பந்தமாக ஒரு காகிதம் வந்ததாம், மலையாளத்தில். யாரோ படித்துச் சொன்னதை நம்பி ஆச்சி ஒப்புக்கொடுத்தாள். வயல் கைமாறிவிட்டது. ராமாயணம் முழுக்க வாசிக்கிறவள் அவள்! "படிச்ச என்னைக் கைநாட்டு ஆக்கிட்டாவளே" என்று கடைசிவரை புலம்பினாள்.

இப்படி எத்தனை வீடுகளோ! நேசமணி முதலிய தலைவர்கள் தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக நம்மிடம் வந்தன. செங்கோட்டையும் நெல்லையோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும்தான் வரவில்லை. அந்தக் குறை இன்னும் பலருக்கு உண்டு. 2021-ல் அரசாங்கம் தமிழ்நாடு நாளை ஜூலை 18-க்கு மாற்றிவிட்டது. ஆனால் குமரிக்கு நவம்பர் 1-தான். உள்ளூர் விடுமுறை விட்டு, நேசமணி சிலைக்கு மாலை போடுகிறார்கள்.

மெக்சிகோ நாட்டில் 1810-ல் ஒரு பாதிரியார் கோயில் மணியடித்து ஜனங்களை எழுப்பினாராம். இன்றும் செப்டம்பர் 15 ராத்திரி ஜனாதிபதி மணியடிக்க, ஊரே கூடி ஆரவாரம் செய்கிறது. கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் தெரியும்படி மிளகாயில் ஒரு பண்டமும் உண்டு.

நம் ஆச்சி 1956-ல் என்ன செய்தாள் தெரியுமா? தோவாளைப் பிச்சிப்பூவைச் சாமிக்குச் சாத்தி, அடைப்பிரதமன் வைத்தாளாம்! "அது மலையாளத்துப் பாயசம்லா ஆச்சி?" என்றால், "நமக்குச் சண்டை காயிதத்தோடதான்ட்டி, தேங்காப்பாலோட என்ன சண்டை?" என்பாள்.