கனெக்ட் ஆயிடுச்சு, அப்புறம்?

திங்கள்

இங்கிலாந்தில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃபிரேமில் ஓடும் கோபோல் நிரல்களை எங்கள் அணி இதுநாள்வரை கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாகத்தான் பார்த்து வந்தது. அடுத்த வாரத்திலிருந்து விஎஸ் கோடில் திருத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது. நிரல்கள் இடம் மாறவில்லை. அவற்றைக் காத்துவரும் எண்டெவரும் மாறவில்லை. அங்கே போய்ச் சேரும் வழிதான் மாறுகிறது. அந்த வழிக்கான சர்வர் செட்டிங்ஸை ஒரே கோப்பாக எழுதி, சென்னையிலும் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைமேலும் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் கணினியிலும் ஓடவைப்பது என் தலையில் விழுந்திருக்கிறது.

கிட் மட்டுமே பழகியவர்களுக்கு எண்டெவரைப் புரியவைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அங்கே ஒவ்வொரு நிரலும் ஓர் எலிமென்ட். அதற்கு முழு முகவரி உண்டு: எந்த என்விரான்மென்ட், எந்த ஸ்டேஜ், எந்த சிஸ்டம், எந்த சப்சிஸ்டம், எந்த டைப். ஒரு வரியைத் தொட வேண்டுமானால் எந்தக் கோரிக்கைக்காகத் தொடுகிறோம் என்று சிசிஐடி எண் எழுத வேண்டும். திருத்த எடுத்த எலிமென்ட் எடுத்தவர் பெயரில் நிற்கும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எண்பதுகளில் பிறந்த மென்பொருள் இது. 1995-இல் லெஜென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து சிஏ என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-இல் சிஏவையே பிராட்காம் வாங்கியது. முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எண்டெவரை விடவில்லை.

பழைய பச்சைத் திரைக்கு செட்டிங்ஸ் எழுதியது யார் என்று அணிக்குள் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. புதிதாகச் சேர்பவருக்கு சீனியர் தன்னுடைய எமுலேட்டர் செஷன் கோப்பை மெயிலில் அனுப்புவார். அவருக்கு அவருடைய சீனியர் அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் ஓடாமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்திருக்கும்.

செவ்வாய்

இணைப்புக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஸோவி. ஐபிஎம், சிஏ, ராக்கெட் சாஃப்ட்வேர் மூன்றும் சேர்ந்து 2018 ஆகஸ்டில் ஓபன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட்டின் கீழ் வெளியிட்ட திறமூல மென்பொருள். இதன் செட்டிங்ஸ் ஒரு ஜேசான் கோப்பு. அணிக்கு ஒன்று பொதுவாக. அவரவர் விருப்பத்துக்கு மேலே இன்னொன்று.

பொதுக் கோப்பில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி எங்கே போவது என்று சொல்கிறது: ஹோஸ்ட் பெயர், போர்ட் எண், புரோட்டோகால், எண்டெவர் வெப் சர்வீஸின் பாதை. இரண்டாவது, போன பிறகு எங்கே நிற்பது: இன்ஸ்டன்ஸ், என்விரான்மென்ட், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், ஸ்டேஜ் எண். யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் இந்தக் கோப்பில் வரவே கூடாது. அவை விண்டோஸின் கிரெடென்ஷியல் பெட்டகத்தில் இருக்கும். கோப்பில் 'இவை ரகசியம்' என்ற குறிப்பு மட்டும். அதனால்தான் இந்தக் கோப்பைத் தைரியமாக கிட்டில் போட முடிகிறது. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று செட்டிங்ஸுக்கும் இனி வரலாறு இருக்கும்.

ஹோஸ்ட் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உடனே சிவப்பாகச் சொல்லிவிடுகிறது. போர்ட் தவறினால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறது. பாதை தவறினால் 404. இவை எல்லாம் கத்தும் பிழைகள். கத்தும் பிழையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. காபி ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம்.

புதன்

சர்டிஃபிகேட். காப்பீட்டு நிறுவனம் தன் சர்வர்களுக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறது. பிரவுசரில் திறந்தால் பிரச்சினை இல்லை. ஏனென்றால் அவர்களுடைய ரூட் சான்றிதழ் எங்கள் லேப்டாப்பின் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிறது. ஸோவியின் கட்டளைக் கருவி நோட்.ஜேஎஸ் மேல் ஓடுகிறது. நோட் விண்டோஸைக் கேட்பதில்லை. தன்னிடம் உள்ள பட்டியலைத்தான் பார்க்கும். அந்தப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. "இந்தச் சங்கிலியை நம்ப மாட்டேன்" என்று கதவை மூடிவிடுகிறது.

அணியின் அரட்டைக் குழுவில் ஐந்தே நிமிடத்தில் யோசனை வந்துவிட்டது. "ரிஜெக்ட் அன்ஆத்தரைஸ்டை ஃபால்ஸ் பண்ணிடுங்க ப்ரோ, ஓடும்." ஓடும்தான். அந்த ஒரு வரியை மாற்றினால் எதிரே இருப்பது யார் என்று கருவி கேட்பதையே நிறுத்திவிடும். அந்த ஹோஸ்ட் பெயரில் யார் பதில் சொன்னாலும் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அவர் கைக்குப் போகும். ஒருவர் தன் கணினியில் அரை மணி நேரம் சோதித்துவிட்டுத் திருப்பி மாற்றினால் பரவாயில்லை. அணி முழுவதும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கோப்பில் அது உட்கார்ந்தால், வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். திங்கட்கிழமை பார்த்த செஷன் கோப்பு கதைதான் மறுபடியும்.

முறையான வழி: ரூட் சான்றிதழைக் கோப்பாக வாங்கி, 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் அதன் இடத்தைக் காட்டுவது. நமக்கு மதியம் ஒன்றரை ஆனால்தான் அங்கே காலை ஒன்பது. காத்திருந்து கேட்டேன். மெயிலில் வந்த கோப்பு அவர்களுடையதுதானா என்று பார்க்க, அவர்கள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் போனில் சான்றிதழின் கைரேகை எண்களை இரண்டிரண்டாகப் படித்தார். நான் திரையில் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். கடைசி ஜோடி பொருந்தியதும் இருவருமே கொஞ்சம் சிரித்தோம்.

வியாழன்

வெள்ளிமலையில் இருந்து வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கோப்பை அனுப்பினேன். அணியில் மிக இளையவள். சேலத்தில் படித்தவள். 2020 நவம்பர் 5-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்திய பிறகு, வீட்டிலிருந்து வேலை என்பது ஊரடங்கு காலச் சலுகையாக நின்றுவிடாமல் பிழைத்துக்கொண்டது. அவளும் மலையில் தங்கிவிட்டாள். ஐபிஎம் தன் 3270 டெர்மினலை அறிமுகப்படுத்திய 1971-இல் அவள் ஊர் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. இன்று அந்த ஊரில் உட்கார்ந்து அதே 3270 திரையில் இங்கிலாந்துக்காரர்களின் பாலிசிக் கணக்கைத் திருத்துகிறாள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"கனெக்ட் ஆயிடுச்சுண்ணா. ஆனா லிஸ்ட் வரமாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."

"பச்சைத் திரை ஓடுதாம்மா?"

"அது எப்பவும் போல ஓடுதுண்ணா. மழை வந்தாலும் ஓடும்."

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 3270 மந்தமான தொலைபேசிக் கம்பிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 எழுத்துகள். நாம் தட்டுவதெல்லாம் நம் பக்கத்திலேயே தங்கியிருக்கும். என்டர் அழுத்தினால், மாறிய இடங்கள் மட்டும் ஒரே கட்டாகப் போகும், மறுதிரை ஒரே கட்டாக வரும். வாரச்சந்தைக்கு ஒருமுறை இறங்கி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஏறும் மலைக்காரரைப் போல அது. புது எடிட்டரோ உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை கச்சிராயபாளையம் வரை இறங்குகிற ஆள். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு பதில்.

கோப்பின் இரண்டாம் பகுதியைத் திறந்து பார்த்தோம். சிஸ்டம், சப்சிஸ்டம், டைப் மூன்றிலும் மாதிரிக் கோப்பில் வந்த நட்சத்திரக் குறி அப்படியே இருந்தது. 'எல்லாம் வேண்டும்' என்று பொருள். சென்னையில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது; வெள்ளிமலையில் தெரியும். அவள் வேலை பார்க்கும் சப்சிஸ்டத்தின் பெயரையும் டைப்பையும் குறிப்பிட்டதும் பட்டியல் வந்து நின்றது. எல்லோருக்கும் இதையே வைத்துவிட்டேன். மலைக்காகச் சுருக்கியதில் சென்னைக்கும் வேகம் கூடியது.

இன்னொன்றும் அவள்தான் கேட்டாள். "எலிமென்ட்டை எடுத்ததும் சிக்னல் போயிட்டா என்னண்ணா ஆகும்?" அவள் பெயரிலேயே நிற்கும். அவள் திரும்பி வரும்வரை வேறு யாரும் தொட முடியாது. அடுத்தவர் பெயரில் நிற்பதை மீறி எடுக்க 'ஓவர்ரைடு சைன்அவுட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கோப்பிலேயே ஆன் செய்து வைக்கவும் முடியும். வைக்கவில்லை. மீறுவது எப்போதாவது, காரணத்தோடு, கையால் செய்ய வேண்டிய காரியம். வழக்கமாகிவிட்டால் இரண்டு பேர் ஒரே நிரலைத் திருத்தி, பின்னால் வைத்தவர் முன்னவரின் வேலையை அழிப்பார்.

வெள்ளி

எல்லோருக்கும் இணைப்பு கிடைத்துவிட்டது. பட்டியல் வருகிறது, நிரல் திறக்கிறது, கோபோல் வண்ணம் வண்ணமாகத் தெரிகிறது. வேலை முடிந்தது என்று மேலாளர் மெயிலே போட்டுவிட்டார்.

மதியம் வெள்ளிமலையிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட். பிரீமியம் அறிக்கையின் தலைப்பு வரி. அருகருகே இரண்டு படங்கள்: பச்சைத் திரையில் தொகைக்கு முன்னால் £. விஎஸ் கோடில் அதே இடத்தில் $.

"யாரோ தப்பா டைப் பண்ணிருக்காங்கன்னு மாத்தப் போனேண்ணா. அப்புறம் பழைய ஸ்கிரீன்ல பாத்தா சரியாத்தான் இருக்கு."

அவள் மாற்றாமல் நிறுத்தியது பெரிய காரியம். ஐபிஎம் மெயின்ஃபிரேம் எழுத்துகளை எப்சிடிக் முறையில் எண்களாக வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு அதற்குத் தனித்தனி அட்டவணை. அமெரிக்க அட்டவணை 037. யூனிக்ஸ் பக்கத்து வேலைகளுக்குப் பரவலாக வைப்பது 1047. பிரிட்டனுக்கு 285. ஆங்கில எழுத்துகளும் எண்களும் மூன்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் நிரல் நூற்றுக்கு நூறு சரி என்றுதான் கண்ணுக்குப் படும். சில குறிகளில் மட்டும் கணக்கு வேறு: 5பி என்ற எண் 037-இலும் 1047-இலும் டாலர், 285-இல் பவுண்டு.

பச்சைத் திரையில் 'ஹெக்ஸ் ஆன்' என்று தட்டச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தின் கீழும் அதன் எண் மேலும் கீழுமாக இரண்டு வரியில் விரியும். £ குறிக்குக் கீழே மேல்வரியில் 5, கீழ்வரியில் பி. ஆக, மெயின்ஃபிரேமில் இருப்பது சரியாகவே இருக்கிறது. எடிட்டருக்கு வரும் வழியில்தான் 1047 என்று வைத்து மொழிபெயர்க்கிறார்கள்.

எடுத்து, ஒன்றும் செய்யாமல் திருப்பி வைத்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. 5பி டாலராக வரும், டாலர் 5பியாகவே திரும்பப் போகும். ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. எங்கள் சோதனையும் அதனால்தான் அதைப் பிடிக்கவில்லை. நல்லெண்ணத்தோடு யாராவது டாலரைப் பவுண்டாகத் திருத்திச் சேமித்தால்தான் கெடும். 1047-இல் பவுண்டுக்கு எண் பி1. அது போய் உட்காரும். எண்டெவர் அதைப் பதிவு செய்யும், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், நிரல் ஓடும். மாதக் கடைசியில் வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளில், தொகைக்கு முன்னால் பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ குறி இருக்கும். எந்த இடத்திலும் சிவப்பு வராது.

அந்தப் பழைய செஷன் கோப்பைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி: 285. எப்போதோ யாரோ விஷயம் தெரிந்த ஒருவர் வைத்திருக்கிறார். ஏன் என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் இந்த வாரத்தில் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

மாலை அவர்கள் பக்கம் சர்வரில் அட்டவணையை 285 ஆக்கினார்கள். எடிட்டரில் £ வந்தது.

சனி

அணிக்குக் கோப்போடு போகும் குறிப்பை எழுதி முடித்தேன். ஜேசான் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே, ஏன் அந்த மதிப்பு என்று ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்குத் தமிழில் ஒரு காரணம். நட்சத்திரம் ஏன் இல்லை, சான்றிதழ் சோதனை ஏன் ஆனில் இருக்கிறது, மீறி எடுப்பது ஏன் ஆஃபில் இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றிய அன்றைக்கு முதலில் பெட்டகத்தில் மாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். இல்லையென்றால் எடிட்டர் பழைய பாஸ்வேர்டையே மறுபடி மறுபடி நீட்டும். அனுமதித்த எண்ணிக்கை தாண்டியதும் மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப் ஐடியை முடக்கிவிடும்.

'கனெக்ட் ஆயிடுச்சு' என்பதற்கு அணியில் இனி வேறு அளவுகோல். சோதனைக்கென்றே ஓர் எலிமென்ட் வைத்திருக்கிறோம். அதில் £, $, @, #, சதுர அடைப்புக்குறிகள், இல்லை என்பதைக் குறிக்கும் ¬ எல்லாம் ஒரே வரியில். புதிதாகச் சேர்பவர் அந்த வரியை இரண்டு திரையிலும் திறந்து, பச்சைத் திரையில் ஹெக்ஸ் ஆன் செய்து, குறிக்குக் குறி ஒப்பிட வேண்டும். பிறகு எடிட்டரில் ஒரு பவுண்டு புதிதாகத் தட்டிச் சேமித்து, அந்தப் பக்கம் 5பியாகத்தான் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை அவருக்கு இணைப்பு கிடைத்ததாகக் கணக்கில்லை.

சோதனை வரியை எழுதும் வேலையை வெள்ளிமலைக்கே கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் இதே குழுமத்தின் ஜெர்மன் கிளையும் வருகிறதாம். அங்கே அட்டவணை 273. நாம் @ என்று படிக்கும் 7சி அவர்களுக்கு §. சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அவங்களுக்குத் தனி வரி எழுதணும், இல்லண்ணா?" ஆமாம், தனி வரிதான் என்றேன்.