யாத்திரிகர் எழுதிய அயலார்

எருசலேமுக்குச் சென்ற கிறித்தவ யாத்திரிகர்களின் பயணக் குறிப்புகளில் இன்று கிடைப்பவற்றுள் பழமையானது கி.பி. 333ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய பிரான்சின் போர்தோ நகரிலிருந்து புறப்பட்ட, பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. குதிரை மாற்றும் இடங்கள், இரவு தங்கும் விடுதிகள், ஊருக்கு ஊர் உள்ள தொலைவு என அதில் பெரும்பகுதி வழிக்கணக்கே. விவிலியத்தோடு தொடர்புள்ள குளங்களும் மலைகளும் அதில் உண்டு. வழியில் வாழ்ந்த மக்கள் பெரும்பாலும் இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் பயணம் செய்த எகேரியா என்ற பெண்மணி மனிதர்களையும் கவனித்தார். ஊரிலிருந்த சகோதரிகளுக்கு அவர் எழுதிய நீண்ட மடலின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெஸ்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. எருசலேமில் ஆயர் கிரேக்கத்தில் பேச, குரு ஒருவர் அதைச் சிரிய மொழியில் சொன்னதையும், லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு விளக்க ஆட்கள் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இடைக்கால யாத்திரை நூல்களுக்கு இவ்விரு பயணக் குறிப்புகளும் முன்னோடிகள்.

ஏழாம் நூற்றாண்டில் எருசலேம் முஸ்லிம் ஆட்சிக்கு வந்தபின், யாத்திரை என்பது பிற சமயத்தவரின் நாட்டுக்குள் செல்வதாயிற்று. 867 அளவில் புறப்பட்ட பெர்னார்டு என்ற துறவி, அப்போது முஸ்லிம் ஆட்சியிலிருந்த இத்தாலியின் பாரி நகரத்து அமீரிடம் பயண அனுமதிக் கடிதம் பெற்றார். எகிப்தில் சிறைப்பட்டு, பணம் கட்டி வெளிவந்தார். அப்படியிருந்தும், சுமை விலங்கு வழியில் செத்துப்போனால் பொருள்களைக் காவலின்றி விட்டுப் போய்த் திரும்பினாலும் அவை அப்படியே இருக்கும் என்று அந்நாட்டின் அமைதியை வாயாரப் புகழ்ந்தார். கிறித்தவ ரோமைச் சுற்றிய வழிகளில் கொள்ளையர் மிகுந்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

பார்வை எதிர்த்திசையிலிருந்தும் வந்தது. சீனாவின் கான்பாலிக், அதாவது இன்றைய பெய்ஜிங், பகுதியிலிருந்து எருசலேமை நாடிப் புறப்பட்ட கிழக்குத் திருச்சபைத் துறவி ரப்பான் சௌமாவைப் போர் தடுத்தது. பின்னர் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் அர்கூனின் தூதராக 1287இல் அவர் ஐரோப்பா சென்றார். நேப்பிள்ஸில் ஒரு கடற்போரைக் கூரைமேலிருந்து பார்த்தவர், அங்கு போர்வீரரைத் தவிர மற்றவரைத் தாக்காததைக் கண்டு வியந்தார். ரோமில் அவர் திருப்பலி நிறைவேற்றியபோது, மொழி வேறானாலும் வழிபாடு ஒன்றே என்று மக்கள் மகிழ்ந்ததாக அவருடைய வரலாறு கூறுகிறது.

எல்லா நூல்களும் இப்படித் திறந்த மனத்தோடு எழுதப்பட்டவை அல்ல. எருசலேமுக்கு யாத்திரை சென்ற பெர்ன்ஹார்டு ஃபான் பிரைடன்பாக் 1486இல் மைன்ட்ஸ் நகரில் வெளியிட்ட நூலில், உடன் சென்ற ஓவியர் எர்ஹார்டு ரோய்விக் வரைந்த நகரக் காட்சிகளும் அரபு எழுத்து வரிசையும் உள்ளன. அதே நூலில் இஸ்லாமுக்கு எதிரான கடும் கண்டனமும் பக்கம் பக்கமாக இருக்கிறது.

கண்ணால் கண்டதும் ஊரிலிருந்தே சுமந்து சென்ற முன்முடிவும் இந்நூல்களில் கலந்தே கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். தம் நம்பிக்கைக்கு ஒத்துவராததையும் கண்டபடியே எழுதிய யாத்திரிகரே வரலாற்றுக்கு நம்பகமான சாட்சி.