வயசுக் கோளாறு

எங்கள் பக்கத்தில் 'வயசுக் கோளாறு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பதினாறு வயதில் வந்தால் காதல். எழுபது வயதில் வந்தால் மறதி. இரண்டுக்கும் யாரும் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. முன்னதற்குப் போகாமலிருப்பது சரி. பின்னதற்குப் போகாமலிருப்பது எத்தனை பெரிய அநியாயம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் நான் குடியிருந்த தெருவில் மீன் விற்கும் ஆயா ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவளல்ல. ஆனால் காசிமேட்டில் ஏலம் எடுத்த விலையும், கூடையில் மிஞ்சிய மீனும், இன்னார் வைத்த பாக்கியும் அவளுக்கு விரல் நுனியில் இருக்கும். அறுபத்தைந்தை ஒட்டிச் சில்லறை தவறத் தொடங்கிற்று. நூறு ரூபாய் நோட்டுக்கு நூற்றிருபது சில்லறை கொடுத்தாள். வீட்டுக்கு வரும் பணம் குறைந்தது. மருமகள் சந்தேகப்பட்டாள், மகன் கை ஓங்கினான். நோயாளி என்ற பெயர் கிடைப்பதற்கு முன்னால் அவளுக்குத் திருடி என்ற பெயர் கிடைத்துவிட்டது.

பிறகுதான் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். "இன்றைக்கு என்ன தேதி? நூறிலே ஏழு போனால் எவ்வளவு? ஒரு கடிகாரம் வரையுங்கள்" என்றாராம் டாக்டர். "தேதி எனக்கு எதுக்குக் கண்ணு? அமாவாசை என்னிக்குன்னு கேளு" என்றாளாம் ஆயா. நல்ல நாளிலும் அவளால் கடிகாரம் வரைந்திருக்க முடியாது, பென்சில் பிடித்தவளல்லவே! படித்தவர்களுக்காகச் செய்த அளவுகோல் அது.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் உண்டு. 1998-இல் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு தோன்றிற்று. உலகத்து மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். எழுத்தறியாதவரையும் நியாயமாக அளக்க ஒரு முறையை வகுத்து, நம் சென்னையிலும் முதியோரைச் சோதித்தார்கள். 2023-இல் வெளியான அகில இந்தியக் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்நோய். ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கும் அதிகம்.

ஏன்? சீட்டுக் கட்டுவதுபோல் மூளைக்கும் ஒரு சேமிப்பு உண்டு. படிப்பு, பலரோடு பழக்கம், புத்திக்கு வேலை எல்லாம் தவணைகள். நோய் வந்து எடுக்கத் தொடங்கும்போது, சேர்த்து வைத்தவர் சில காலம் தாக்குப் பிடிக்கிறார். 2024-இல் 'லான்செட்' பத்திரிகையின் நிபுணர் குழு இந்நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. சிறு வயதில் படிப்பின்மை, காது கேளாமை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, அசுத்தக் காற்று, தனிமை... அத்தனையையும் அறவே நீக்கினால் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எடுத்த குடிக்கணக்கை வாசிப்பதுபோல் இருந்தது எனக்கு. பாய்லர் பட்டறைச் சம்மட்டிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவருக்குக் காது போகிறது. பிறகு பேச்சுப் போகிறது. பிறகு பேரன்கூடப் பக்கத்தில் உட்காருவதில்லை. இவை இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் ஏழை வீட்டுக்கு இவை ஒவ்வொன்றாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன.

ஆறுதலும் உண்டு. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரு மொழி பேசியவர்களுக்கு நாலரை வருஷம் தாமதமாகவே நோய் தலைகாட்டியிருந்தது. எழுத்தறியாதவரிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வாழும் எங்கள் ஜனங்கள் தாங்கள் அறியாமலே ஒரு தவணை கட்டியிருக்கிறார்கள்!

1956-இல் காமராஜர் அரசு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டது, குழந்தைகள் பசியில்லாமல் படிக்க. அந்தச் சோற்றுக்காக வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிய வயது. அது முதுமைக்கும் சேர்த்துப் போட்ட சோறு என்பது இப்போதல்லவா விளங்குகிறது! இன்றும் இறால் உரிக்கப் படிப்பை நிறுத்திய சிறுமி உங்கள் தெருவில் இருந்தால், அவளை மறுபடி வகுப்புக்கு அனுப்பப் பாருங்கள். அப்பாவின் காதையும் ரத்தக் கொதிப்பையும் காலத்தில் காட்டுங்கள். வீட்டுப் பெரியவள் சில்லறை தவறினால், பெட்டிக்குப் பூட்டுத் தேடுவதற்கு முன் அவளுக்கு வைத்தியரைத் தேடுங்கள்.